கரையிறங்காதவள்

சமையலறை மேசையில் ஆறு கையேடுகள்.
ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு வெள்ளைக் கப்பல்,
மேல்தளத்தில் ஒரு தம்பதி,
அவர்களைத் தவிர ஈ காக்கை இல்லை.
உண்மை பின்னட்டையில், பொடி எழுத்தில்:
பயணிகள் நாலாயிரத்து இருநூறு.

காலை ஐந்து பத்து சுரங்க ரயிலில் வேலைக்குப் போகிறவள் ஃப்ராவ்கெ.
ஏழரை ரயிலில் அவளால் ஏற முடியாது.
ஹாம்பர்க்குக்குள் அவளுக்கென்று இன்னொரு ஹாம்பர்க் இருக்கிறது:
மழை கொட்டும் செவ்வாய்க்கிழமைச் சந்தை,
படம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போய் உட்காரும்
கடைசி வரிசை ஓரத்து நாற்காலி,
எந்தக் கட்டடத்திலும் முதலில் வெளியேறும் கதவு.
பதினொரு வருடமாய் நானும் அங்கேதான் குடியிருக்கிறேன்.
வாடகை ஒன்றும் குறைவில்லை.

ஜனவரியில் சொன்னாள்,
"கடலைப் பார்க்கணும்.
மனுஷங்க பிடரியை இல்ல."

பயண முகவர் ஓஸ்டர்மான்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
பழைய மீன்பிடிக் கப்பல், பன்னிரண்டே பேர், நார்வே.
லாட்டரி விழுந்தவன்போல் வீடு வந்தேன்.
அவள் இரவெல்லாம் அதைப் படித்தாள்.
எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை.
மாலையில் அறிமுக விருந்து.
"பன்னிரண்டு பேர்னா பன்னிரண்டு கேள்வி.
கூட்டத்துக்கு என்னைத் தெரியாது.
இவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

அந்த இரண்டையும் நான்
ஒரே பயமென்று நினைத்திருந்தேன்.

பிறகு மூன்று வாரம்
வங்கிக் கொள்ளைக்குத் திட்டமிடுகிறவன்போல்
தள வரைபடங்களோடு கிடந்தேன்.
நவம்பர். பள்ளி விடுமுறை இல்லாத வாரம்.
மின்தூக்கிக்குத் தூரம், படிக்கட்டுக்குப் பக்கம்.
தலைக்கு மேல் நடன அரங்கம் கூடாது.
காலை உணவு அறைக்கே வரவேண்டும்.
நிறுவனத்தின் தொலைபேசியில் ஒரு பெண்:
"நடைபாதை அகலமா? யாரும் இதுவரை கேட்டதில்லையே."
வெகுநேரம் இசை ஓடியது.
திரும்பி வந்தாள்: "ஒரு மீட்டர் இருபது."
கொஞ்சம் தயங்கி,
"எனக்கும் மின்தூக்கி ஆகாது" என்றாள்.

கடைசி மணி நேரத்தில் ஏறினோம்.
என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு எண்ணினாள்:
கதவு, கதவு, படி.
இரண்டு நாள் அறையைவிட்டு வரவில்லை.
எள் போட்டால் எள் விழாத உணவுக்கூடத்தில்
நான் மட்டும் முழங்கை இடித்து வரிசையில் நின்று
கைத்துண்டில் ரொட்டி சுற்றிக் கொண்டுபோனேன்.
போட்ட பணமெல்லாம்
பால்கனிக் கம்பியைத் தாண்டிக் கடலில் விழுவதாய்ப் பட்டது.
சொல்லவில்லை.
சொன்னதாகவே அவள் முகம் இருந்தது.

மூன்றாம் நாள், பெர்கன்.
எட்டு மணிக்கெல்லாம் கப்பல் வாயைத் திறந்து
மனிதர்களைக் கரையில் கொட்டியது.
கடைசி மஞ்சள் மழைக்கோட்டு முனை திரும்பும்வரை
பால்கனியில் நின்று பார்த்தாள்.
அப்புறம் அவளாகவே கதவைத் திறந்தாள்.

தொள்ளாயிரம் நாற்காலிகள், ஒருவருமில்லாத மேடை.
யாரும் குளிக்காத குளத்தில்
தண்ணீர் தனக்குத்தானே அசைந்துகொண்டிருந்தது.
கம்பளம் துடைக்கும் ரொடெல்
தன் இயந்திரத்தின் வடத்தைத் தூக்கிப் பிடித்து
அவளுக்கு வழிவிட்டான். ஒரு தலையசைப்பு.
கேள்வி இல்லை.

உணவுக்கூடத்தின் நட்டநடு மேசையில் போய் உட்கார்ந்தாள்.
இத்தனை வருடத்தில் ஓரம் தவிர வேறெங்கும்
அவள் உட்கார்ந்து நான் கண்டதில்லை.
எள் தூவிய ரொட்டியைப் பிட்டாள்.
ஒரு எள் தட்டில் விழுந்தது.
அது எனக்குக் கேட்டது.

சன்னலுக்கு வெளியே, மழையில்,
பத்து வயதிலிருந்து நான் பார்க்க நினைத்த ஊர்
வண்ண வண்ண மரவீடுகளோடு நின்றது.
இங்கிருந்தும் தெரியத்தான் செய்தது, ஓரளவு.

நாலரைக்குச் சங்கு ஊதியது.
துறைமுகச் சாலையில் குடைகள் திரும்பத் தொடங்கின.
எழுந்துகொள்வாள் என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.
குடைகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.
"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று
இன்னொரு ரொட்டியை எடுத்தாள்.